மாப்பிள்ளையைக் கழிக்க மறுத்த தராசம்மாவுக்கு

நிலத்தடி நீரின் நெஞ்சுக்குள் நுழைந்து நிசம் கண்ட நிறைகோலே! கண்ணுக்கு எட்டாத கரியணுவின் கனத்தைக் கைப்பிடிக்குள் கொண்டுவந்த கருத்துடையீர்! அடிமண்ணில் அமிழ்ந்து கிடந்த பழியை அள்ளி எடுத்து, அது யாருடையதோ அவர் வாசலிலேயே இறக்கி வைத்த அஞ்சாமையே! இந்த நீர்ப் பகுப்பாய்வு நிலையத்தின் தலைமைப் பகுப்பாய்வாளரே, தன்னலம் தவிர்த்த தகைமையே, எங்கள் தராசம்மாவே, வணக்கம்!

இன்னும் பல விளிகள் கைவசம் இருந்தன. ‘விஷத்தை விரட்டிய வீரமே’ என்பதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று நம் நிலையத்து வண்டிக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். விஷம் இன்னும் விரட்டப்படவில்லை, நாம் இப்போது கூடியிருக்கும் இந்தத் தரைக்குக் கீழே அது மெதுவாக நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்பதால் அதை விட்டுவிட்டோம். இந்த மடல் சட்டத்துக்குள் போய்ச் சுவரில் தொங்கப் போகிறது. சுவரில் தொங்குவது பொய்யாக இருக்கக் கூடாது என்பது உங்களிடம் நாங்கள் கற்ற பாடம்.

ஓய்வு பெறுபவரை எதிரே நிறுத்தி, நீங்கள் நீங்கள் என்று புகழ்வது மடலின் மரபு. உங்களிடம் அது எடுபடாது. யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்கத் தொடங்குவீர்கள். அவர் சொல்லி முடிக்கும்போது அறையில் இருக்க மாட்டீர்கள். ஆகவே இதைப் பக்கத்து வீட்டுக் கதைபோலச் சொல்லப் போகிறோம். ‘அம்மா’ என்று ஒருவர் இருந்தார். யார் அந்த அம்மா என்று கேட்காமல், கண்ணாடியைக் கழற்றாமல், உட்கார்ந்து கேளுங்கள்.

அம்மா இந்த நிலையத்துக்கு வந்தபோது இங்கே மூன்று அறைகளும் ஒரு தேநீரறையும்தான் இருந்தன. தராசு பிற்பாடு வந்தது. பெட்டி பெட்டியாக வந்திறங்கிய அந்தக் கருவியைப் பூட்டியவர்கள் ஊருக்குப் போன பிறகு, அதன் கோபதாபங்களை அறிந்து, அதற்குக் குளிர் பிடிக்கும், புழுக்கம் பிடிக்காது, கதவை அறைந்து சாத்தினால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் தெரிந்து குடித்தனம் நடத்தியவர் அம்மா. அப்படித்தான் தராசம்மா ஆனார். பேர் வைத்தவர் வண்டிக்காரர். அம்மா கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். ஒரு நாள் தொலைபேசியை எடுத்து, “தராசம்மா பேசறேன்” என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்தத் தராசின் வேலை என்ன என்று, இங்கே வந்திருக்கும் உறவினர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். பூச்சிமருந்தில் கரி இருக்கிறது. கரியணுவில் லேசானது ஒரு வகை, கொஞ்சம் கனமானது இன்னொரு வகை. நிலையான ஐசோடோப்புகள் என்பார்கள்; காலத்தால் கெடாமல் அப்படியே நிற்பவை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் மருந்தைத் தின்னும்போது நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான்: எளிதில் மெல்ல முடிந்ததை முதலில் விழுங்கும், கடினமானதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும். தட்டில் கனமானது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நிறுத்தால், சாப்பாடு தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும். தண்ணீர் கலந்தால் மருந்தின் அளவு குறையும். ஆனால் கனத்துக்கும் லேசுக்கும் உள்ள விகிதம் மாறாது. “அளவு பொய் சொல்லும், விகிதம் சொல்லாது” என்பது அம்மாவின் வேதவாக்கு. கனமாக இருந்தால் விஷம் முதிர்ந்தது. லேசாக இருந்தால் இளசு, இப்போதுதான் மண்ணில் விழுந்தது.

இன்னொருவரையும் அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் மாப்பிள்ளை.

தண்ணீர் எடுக்க வண்டி கிளம்பும்போதெல்லாம், நிலையத்திலேயே குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி வடித்த சுத்த நீரை நிரப்பி மூடிய பழுப்புக் கண்ணாடிக் குப்பி ஒன்றும் கூடவே போகும். கிணறு கிணறாகச் சுற்றிவிட்டு, மூடி திறக்காமல் திரும்பி வரும். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால், வழியிலோ கையிலோ ஏதோ ஒட்டியிருக்கிறது என்று பொருள். அந்த அளவை எல்லாக் கிணறுகளின் கணக்கிலிருந்தும் கழித்துவிட வேண்டும். உலகெங்கும் உள்ள முறை இது. வேலை எதுவும் செய்யாமல், மரியாதையாக முன்னிருக்கையில் உட்கார்ந்து ஊர் பார்த்துவிட்டு வருவதால் எங்களிடம் அந்தக் குப்பிக்கு மாப்பிள்ளை என்று பெயர். “மாப்பிள்ளை ஏறியாச்சா?” என்று கேட்காமல் வண்டிக்காரர் சாவியைத் திருகியதில்லை. வந்ததும், “மாப்பிள்ளையக் கழிச்சாச்சா?” என்று கேட்காமல் நாங்கள் எந்த எண்ணையும் எழுதியதில்லை. மாப்பிள்ளையிடம் எப்போதும் ஏதோ துளியூண்டு இருக்கும். கழித்துவிடுவோம். எங்கள் வேலையின் சுத்தத்துக்கு அதுவே சான்று என்று பெருமையும் பட்டுக்கொள்வோம்.

பெருமை என்றதும் மற்றவையும் நினைவுக்கு வருகின்றன. எங்கள் குழாய்த் தண்ணீர். வளாகத்தின் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வரும் அந்தத் தண்ணீருக்கு ஓர் இனிப்பு உண்டு. வீட்டுத் தண்ணீர் உப்பு என்பதால் அம்மா தினமும் மாலை ஒரு கேனில் பிடித்துக்கொண்டு போவார், அவருடைய வீட்டுக்காரருக்காக. அப்புறம் எங்கள் தேநீரறை. சர்க்கரை டப்பாவை மூடுகிற வழக்கமே அங்கே இல்லை, ஏனென்றால் எறும்பு வராது. ஒன்றுகூட வராது. கொசுவும் கிடையாது, கரப்பானும் கிடையாது. வெளியிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி மார்தட்டிக்கொள்வோம். பிறகு அந்த வாசனை. மழைக்குப் பிறகு தேநீரறைப் பக்கமிருந்து மெல்ல எழும், கொஞ்சம் பூண்டுபோல, கொஞ்சம் இரும்புபோல. அதை நாங்கள் ‘ஆபீஸ் வாசனை’ என்போம். நீண்ட விடுப்பு முடிந்து வருகிறவர் வாசலில் நின்று மூச்சை இழுத்து, “வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு” என்பார்.

இவற்றையெல்லாம் அப்போது நாங்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னோம்.

சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு, நிலையத்திலிருந்து சரிந்து இறங்கும் தெருவின் கிணறுகளில் ஒரு பூச்சிமருந்து தலைகாட்டியது. எங்களில் பலர் பிறப்பதற்கு முன்பே தடை செய்யப்பட்ட மருந்து. கடையில் இல்லை, தயாரிப்பவர் இல்லை, பெயரைக்கூடப் பெரியவர்கள்தான் சொன்னார்கள். செத்துப் புதைத்த ஒருவரைச் சந்தையில் பார்த்ததாக யாராவது சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பழைய மிச்சமா, புதிதாக யாராவது ஊற்றுகிறார்களா என்று கண்டுபிடிக்கும் வேலை அம்மாவிடம் வந்தது. இதற்கென அமைந்த விசாரணைக் குழு அவருடைய முடிவுக்குக் காத்திருந்தது. அம்மாவின் ஓய்வுக்கும் அதிக நாள் இல்லை.

தெருவின் கடைக்கோடியில், வயல் ஓரக் கிணற்றிலிருந்து அம்மா தொடங்கினார். அங்கே விஷம் கனமாக இருந்தது, முதிர்ந்து தளர்ந்த கிழம். மேட்டை நோக்கி அடுத்த வீட்டுக் கிணறு: கொஞ்சம் லேசு. அதற்கு மேலே இன்னும் லேசு. வீட்டுக்கு வீடு ஏற ஏற விஷத்துக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. தாத்தா நடுவயதுக்காரர் ஆனார், நடுவயதுக்காரர் வாலிபர் ஆனார். எண்களைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்த அம்மா ஒரு கட்டத்தில் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு இது பிடிக்கல” என்றார். யாரோ நம்மை நோக்கி நடந்து வருவதுபோல இருக்கிறது என்றார். அதையும் சிரித்துத் தள்ளினோம்.

தெருவின் உச்சியில் இருந்தது செடிக்காரரின் தோட்டம். பூச்செடியும் பழக்கன்றும் விற்கிறவர். அவருடைய கிணற்றில் விஷம் பச்சைக் குழந்தையாக இருந்தது. நுண்ணுயிர் வாய் வைத்ததற்கு அடையாளமே அநேகமாக இல்லை. குழுவுக்கு வேறென்ன வேண்டும்? அவர் கொட்டகையில் பழைய தெளிப்பான் ஒன்று துருவேறிக் கிடந்தது என்று அக்கம்பக்கத்தார் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அம்மா கையெழுத்துப் போட்டால் தோட்டத்துக்குப் பூட்டு, அவர்மேல் வழக்கு. அதற்கு முன்பே தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. அவரிடம் யாரும் ஒரு கன்றுகூட வாங்கவில்லை. அவருடைய மகள் பேரப்பிள்ளையை அங்கே அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

அவர் ஒரு பிற்பகலில் நிலையத்துக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு அம்மாவின் மேசைக்கு எதிரே நின்றார்.

“நான் ஊத்தலம்மா. அந்த மருந்தோட பேரே எங்க அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

“உங்க கிணத்துல இருக்கறது பழசு இல்லையே. நேத்து ஊத்தின மாதிரி இருக்கு” என்றார் அம்மா.

“அப்ப நான்தான் ஊத்தினேன்னு எழுதப் போறீங்களா?”

அம்மா எழுந்து குழாயடிக்குப் போனார். தம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

“வேணாம்மா. இப்பல்லாம் எந்தத் தண்ணியப் பார்த்தாலும் பயமா இருக்கு.”

“இது எங்க தண்ணி. பயப்படாமக் குடிங்க.”

அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தம்ளரைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

அம்மா அன்று கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் காலை, வரும் வழியில், அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தார். விற்காத செடிகள் வரிசை வரிசையாக நின்றன. அம்மா ஓர் இலையைத் திருப்பினார். கம்பளிப்பூச்சி. அடுத்த இலையிலும் கம்பளிப்பூச்சி. ரோஜா மொட்டுகளில் அசுவினி அப்பிக் கிடந்தது. எலுமிச்சைக் கன்றின் இலைகள் சல்லடை. மண்ணில் எறும்பு சாரை சாரையாக ஊர்ந்தது. செடிக்காரர் வெட்கப்பட்டார். “கையாலதாம்மா பொறுக்கறேன், பொறுக்கிப் பொறுக்கி மாளல” என்றார். விஷத்தை வாளி வாளியாக ஊற்றுகிறவன் வீட்டில் பூச்சிக்கு இப்படி விருந்தா?

நிலையத்துக்கு வந்தவர் தேநீரறைக்குப் போனார். சர்க்கரை டப்பா திறந்து கிடந்தது. மேசையில் யாரோ சிந்திய சர்க்கரை அப்படியே வெள்ளையாக இருந்தது. ஜன்னல் விளிம்பில் தூசி இருந்தது. தூசியில் ஒரு சிலந்தி வலைகூட இல்லை. அம்மா வெகுநேரம் அங்கேயே நின்றார். நாங்கள் தேநீர் குடிக்கப் போனபோது, நாங்கள் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு கேள்வியை எங்களிடம் கேட்டார்.

“இங்க ஏன் எதுவுமே உயிரோட இல்ல?”

யாரும் சிரிக்கவில்லை. கையிலிருந்த தேநீரை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“மாப்பிள்ளையக் கொண்டாங்க” என்றார்.

“அவரு சும்மா வந்தவருதானே” என்றார் வண்டிக்காரர்.

“சும்மா வந்தவர்கிட்டதான் இனி கேக்கணும்.”

ஒரு குப்பியில் இருக்கும் துளி, அளவைச் சொல்லத்தான் போதும்; தராசில் நிறுக்கப் போதாது. அலமாரியில் இருந்த மாப்பிள்ளைகள் அத்தனை பேரையும் திறந்து, அவர்களிடமிருந்ததை ஒன்றாகத் திரட்டினார் அம்மா. தராசு முனகத் தொடங்கியது. திரையில் கோடு ஏறியது. நிலையத்தின் சுத்த நீரில், தெருவின் எந்தக் கிணற்றையும் தொடாத நீரில், அதே மருந்து இருந்தது. அதன் வயது செடிக்காரரின் கிணற்றில் இருந்ததைவிடக் குறைவு. பிறந்த அன்றைய கனம். தெருவில் ஏறி ஏறி வந்த அது செடிக்காரர் வாசலில் நிற்கவில்லை. நாங்கள்தான் அங்கே எண்ணுவதை நிறுத்தியிருந்தோம். அதற்கு மேலே மேட்டில் இருந்தது எங்கள் நிலையம் மட்டுமே. எங்களை யார் சோதிப்பது? விளக்கடி இருட்டு என்பார்கள், அந்த இருட்டில் உட்கார்ந்துதான் ஊருக்கெல்லாம் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தோம்.

இயக்குநரிடம் சொன்னார் அம்மா. அவர் திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார், தராசுக்காக. ஆனாலும் அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்டது.

“மேடம், மாப்பிள்ளையில வந்ததைக் கழிச்சுட்டு ரிப்போர்ட் குடுக்கறதுதானே முறை? குழுவும் அதைத்தானே கேக்கறாங்க?”

“கழிச்சுக் கழிச்சுத்தான் சார் இத்தனை வருஷம் கண்ணு தெரியாமப் போச்சு. நாம அழுக்கைக் கழிக்கல. பதிலைக் கழிச்சிருக்கோம்.”

“நிலையத்தையே மூடிடுவாங்க. நீங்க போயிடுவீங்க. இங்க இருக்கறவங்க?”

“அந்தச் செடிக்காரர் மட்டும் எங்க போவாரு?”

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு அம்மாவின் குரல், எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு குரல்: “சார், நான் தினமும் ஒரு கேன் வீட்டுக்குக் கொண்டு போனேன்.”

கதவு திறந்தபோது இயக்குநர்தான் முதலில் வெளியே வந்தார். மண்வெட்டிக்கு ஆள் அனுப்பச் சொன்னார். அவரும் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இந்தப் பத்தியை நீக்கச் சொல்லாத அவரது பெருந்தன்மையையும் இம்மடல் வழியே பாராட்டிவிடுகிறோம்.

தேநீரறைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் கல்லுக்கு அடியில் தோண்டினார்கள். நிலையம் வருவதற்கு முன் இந்த இடம் விவசாயப் பொருள்களின் கிடங்காக இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கிடங்கில் மிஞ்சியது எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்லைப் புரட்டியதும் ஆபீஸ் வாசனை எழுந்தது. நாங்கள் ‘வீட்டுக்கு வந்த மாதிரி’ என்று மூச்சு முட்ட இழுத்த அதே வாசனை, இப்போது கண்ணெரியும் அளவுக்கு. எங்களில் ஒருவர் அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மண்ணுக்குள் இரும்புப் பீப்பாய்கள் தோளோடு தோள் ஒட்டிப் படுத்திருந்தன. மூடி கழலாமல், காற்று புகாமல், நுண்ணுயிர் புகாமல், காலமே உள்ளே நுழையாமல், அந்த விஷம் மூடியபோது இருந்த அதே இளமையோடு காத்திருந்தது. பீப்பாய்களின் அடியில்தான் துரு ஊசித்துளைகளைப் போட்டிருந்தது. சொட்டு சொட்டாக இறங்கி, முதலில் எங்கள் கிணற்றைப் பார்த்துவிட்டு, பிறகு தெருவில் நடந்து, போகும் வழியில் வயதாகிக்கொண்டே போயிருக்கிறது. செடிக்காரர் வீட்டைக் கடந்துதான் போயிருக்கிறது, அங்கே பிறக்கவில்லை.

அன்று மாலை அம்மா கேன் இல்லாமல் வீட்டுக்குப் போனார். வீட்டில் பாதி நிரம்பிய கேன் ஒன்று இருந்தது. அதை முற்றத்தில் கொட்டவும் முடியவில்லை, எங்கே கொட்டினாலும் யாருடைய கிணற்றுக்காவது அது நடந்து போகும் என்று தெரியுமே. மூடியை இறுக்கிக்கொண்டு திரும்ப நிலையத்துக்கே எடுத்து வந்தார். அவருடைய வீட்டுக்காரருக்குச் சில காலமாகக் கை நடுங்குகிறது. அதற்கும் இந்தத் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா என்று எந்தத் தராசும் சொல்லாது. அதுதான் அம்மாவை வாட்டியது. வீட்டுக்காரர் சொன்னதை அம்மாவே பிறகு எங்களிடம் சொன்னார். அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறோம். “இத்தனை நாளும் நீ குடுத்ததைத்தான் குடிச்சேன். இனியும் நீ குடுக்கறதைத்தான் குடிப்பேன். அழாதே” என்றாராம்.

மறுநாள் அம்மா செடிக்காரரிடம் போனார். தோட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், “அன்னிக்கு நான் குடுத்தேனே தண்ணி, அதுலயும் இருந்துச்சு” என்றார். செடிக்காரர், “தெரிஞ்சா குடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டார். பிறகு வீட்டுக்குள் திரும்பி, மகளுக்குத் தொலைபேசி போடப் போனார்.

அறிக்கையில் அம்மா எதையும் கழிக்கவில்லை. நஞ்சின் தோற்றுவாய்: இந்த நிலையத்தின் வளாகம். கீழே அவருடைய கையெழுத்து, அதற்குக் கீழே இயக்குநருடையது. செடிக்காரரின் தோட்டத்துக்குப் பூட்டு வரவில்லை. எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுக்கு வந்தது.

பக்கத்து வீட்டுக் கதை முடிந்தது அம்மா. இனி உங்களிடமே பேசுகிறோம்.

கூர்மதியால் குற்றம் கண்டவர் பலர் உண்டு. கண்ட குற்றம் தன் கூரைக்கடியில் என்றபோதும் குரல் தாழாதவர் எத்தனை பேர்? பிறர் கிணற்றின் பிழையை எழுதிய பேனாவால் தம் கிணற்றின் பிழையையும் தடுமாறாமல் எழுதிய தகவுடையீர்! ஓய்வுக்கு முந்தைய நாள்களை மாலைக்கும் மரியாதைக்கும் ஒதுக்கி வைக்காமல், மண்ணைத் தோண்டவும் மனிதரைத் தேற்றவும் செலவிட்ட மாண்புடையீர்! உங்களால் ஒரு மனிதர் தலை நிமிர்ந்தார். உங்களால் நாங்கள் தலை குனிந்தோம். இரண்டுக்கும் நன்றி.

பீப்பாய்களை எடுத்துப் போய்விட்டார்கள். மண்ணில் இறங்கியதை எடுக்க முடியவில்லை. அது இன்னும் நம் காலடியில், தெருவை நோக்கி, தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது. தெருவுக்குத் தண்ணீர் இப்போது லாரியில் வருகிறது. விஷம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று மாதந்தோறும் போய் நிறுத்துப் பார்ப்போம். மாப்பிள்ளையையும் அழைத்துப் போவோம், ஆனால் திரும்பி வந்ததும் முதலில் அவரைத்தான் விசாரிப்போம்.

ஒரு செய்தி உங்களுக்காகவே வைத்திருந்தோம். இன்று காலை தேநீரறையில் ஓர் எறும்பைப் பார்த்தோம். ஒரே ஓர் எறும்பு. மேசை விளிம்பில் ஏறி, சர்க்கரை டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சர்க்கரையைத் தொடாமலே அது வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. ஆனாலும் வந்ததே என்று வண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மடலின் முடிவில் நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் வேண்டுவது வழக்கம். அந்த வரியை எழுதும்போது எங்கள் எல்லோருடைய கையும் ஒரு கணம் நின்றது. அதே குழாயில் நாமெல்லோரும் குடித்தவர்கள். மருத்துவர்கள் உங்கள் இரத்தத்தையும், உங்கள் வீட்டுக்காரர் இரத்தத்தையும், எங்களுடையதையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவுகள் இன்னும் வரவில்லை. ஆகையால் இது வழக்கத்துக்காக எழுதிய வரி அல்ல. பயந்துகொண்டே, நிஜமாகவே கேட்கிறோம்: நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக் குப்பியைப் போல எல்லா ஊருக்கும் போய், எல்லாவற்றையும் பார்த்து, உள்ளே ஒரு துளியும் ஏறாமல் திரும்பி வர வேண்டும். எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளும் உங்களைத் தராசம்மா என்று கூப்பிட, நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும்.

இப்போது நிமிர்ந்து உங்கள் மேசையைப் பாருங்கள். ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கிறது. இந்த மண்ணின் தண்ணீர் அல்ல, தொலைவிலிருந்து வந்தது. எதையும் கழிக்காமல் நாங்களே நிறுத்துப் பார்த்தோம், அதில் ஒன்றுமில்லை. அதைக் கொண்டுவந்து உங்கள் முன்னே வைத்தவர் செடிக்காரர். உங்களிடம் சொல்லச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டது ஒரே ஒரு வாக்கியம்தான்:

“பயப்படாமக் குடிங்கம்மா.”

இங்ஙனம்,
தங்கள் தராசின் நிழலில் வளர்ந்த நிலையத்தார் அனைவரும்,
இயக்குநரும்,
வண்டிக்காரரும்,
நிலையத்தார் அல்லாத போதும் கையெழுத்திட விரும்பிய செடிக்காரரும்.